ரத்தத்தில் கொழுப்பு

என் முப்பத்துநான்காவது வயதில் இரண்டு கண்களின் ஓரத்திலும், மூக்கை ஒட்டிய பக்கத்தில், மஞ்சள் திட்டுகள் வந்தன. முதலில் வலது கண்ணில் அரிசிமணி அளவுக்கு ஒன்று. பிறகு இடது கண்ணில். வலி இல்லை, அரிப்பு இல்லை. வெண்ணெயை விரல்நுனியில் தொட்டு யாரோ வைத்துவிட்டுப் போனது போல இருக்கும்.

சைகானில் பைக் ஓட்டும் பெண்கள் வெயிலுக்குப் பயந்து உடம்பு முழுவதையும் மூடிக்கொள்வார்கள். கையுறை, பூப்போட்ட நீளச்சட்டை, துணி முகமூடி, ஹெல்மெட். வெளியே தெரிவது கண் மட்டும்தான். நானும் அப்படித்தான் நாங்கள் குடியிருந்த கான் ஹொய் பகுதியிலிருந்து பாலம் ஏறி, டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அலுவலகத்துக்குப் போய்வந்தேன். மறைக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது மட்டும் வெளியே இருந்தது. தோல்நிறத்தில் ஒரு க்ரீம் வாங்கிப் பூசிப் பார்த்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் வியர்வையில் அது கரையும். அலுவலகம் போனதும் யாருக்கும் முகம் காட்டாமல் நேரே கழிவறைக்குப் போய் மறுபடி பூசிக்கொண்டு வருவேன்.

பென் தான் சந்தைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி என்னை நிறுத்தி, "கண்ணுல சந்தனம் ஒட்டியிருக்கு பாரும்மா" என்று தன் முந்தானை நுனியால் அன்பாகத் துடைத்தார். வரவில்லை. கொஞ்சம் அழுத்தித் துடைத்தார். பிறகு அது சந்தனமில்லை என்று புரிந்து கையை எடுத்துக்கொண்டார். சுற்றிலும் ஊதுவத்தி ஏந்தி நின்ற வியட்நாமியப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் நான் அங்கே போவதில்லை. கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போவேன்.

நான் வேலை பார்த்தது சரக்கு அனுப்பும் ஒரு சிறிய கம்பெனியில். ஆயத்த ஆடை, உறைந்த இறால், டிராகன் பழம், எது விமானத்தில் ஏறினாலும் அதற்கான காகிதங்களைத் தயார் செய்வது என் வேலை. அலுவலகத்தில் இந்தியர் நான் ஒருத்திதான். என் பக்கத்து மேஜையில் இருந்த பெண் என்னைவிடச் சின்னவள். அவள் என்னை "சி" என்று கூப்பிடுவாள். வியட்நாமிய மொழியில் அக்கா என்று அர்த்தம்.

அந்த அலுவலகத்தில் என்னை எல்லோருக்கும் தெரிந்ததற்குக் காரணம் என் சாப்பாடு. நான் சைவம். அங்கே அதற்கு "சாய்" என்று பெயர். பௌத்தர்கள் அமாவாசை, பௌர்ணமிக்கு சாய் சாப்பிடுவார்கள். நான் எல்லா நாளும் சாய் என்றதும் என்மேல் அவர்களுக்கு ஒரு மரியாதை வந்தது. மதியம் டப்பாவைத் திறந்தால் யாராவது எட்டிப்பார்த்து, "எவ்வளவு சுத்தமான சாப்பாடு" என்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை ஒரு மருத்துவக் குழு அலுவலகத்துக்கே வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுக்கும். அந்த வருடம் முடிவு வந்தபோது, நிர்வாகம் பார்க்கும் அம்மாள் கூட்ட அறையின் வாசலில் நின்று பெயர் பெயராகக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தார். கடைசியில், "மோ மாவ் ஆட்கள் மட்டும் இருங்கள், டாக்டர் பேசுவார்" என்றார். மோ என்றால் கொழுப்பு. மாவ் என்றால் ரத்தம். கொலஸ்ட்ரால் என்ற சொல்லை அங்கே பேச்சுவழக்கில் யாரும் சொல்வதில்லை. கொழுப்பு ரத்தம், அவ்வளவுதான்.

அந்த அறையில் மிஞ்சியது நான்கு பேர். மூன்று பேர் கிடங்கில் வேலை செய்த ஆண்கள். மூவருக்கும் தொப்பை உண்டு, சாயங்காலமானால் பீர்க்கடைப் பிளாஸ்டிக் நாற்காலியில் பார்க்கலாம். நான்காவது ஆள் ஒல்லியாக, முழங்கை எலும்பு தெரிய உட்கார்ந்திருந்த நான். அவர்கள் மூன்று பேரின் கணக்கையும் விட என்னுடையது மேலே இருந்தது.

ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "சி, நீங்க சாய்தானே சாப்பிடுறீங்க?"

இன்னொருவர், "வீட்டுல பன்றிக்கறி சாப்பிட்டுட்டு இங்க மட்டும் சாய்" என்றார்.

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் டப்பாவைத் திறந்தபோது யாரும் எட்டிப்பார்த்துப் பாராட்டவில்லை. எட்டிப்பார்த்துவிட்டுத் தங்கள் டப்பாவுக்குத் திரும்பினார்கள். நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. அதை மறுக்க என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது? பக்கத்து மேஜைப் பெண் மட்டும் என் சட்னியைக் காட்டி, "தேங்காய்தான் காரணம் சி" என்றாள்.

அன்றிலிருந்து தேங்காயை நிறுத்தினேன். நெய், வெண்ணெய், முந்திரி, வறுத்தது, பொரித்தது எல்லாம் நிறுத்தினேன். வேகவைத்த காய், தண்ணீராய் ரசம், எண்ணெய் தடவாத சப்பாத்தி. கணவரும் மகளும் தனியாகச் சாப்பிட்டார்கள். எனக்கு எடை குறைந்து ரவிக்கைகள் எல்லாம் தொளதொளத்தன. சில மாதங்கள் கழித்து ஒரு கிளினிக்கில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். கொஞ்சம்தான் இறங்கியிருந்தது.

அங்கிருந்த டாக்டர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்படிச் சாப்பிட்டா இந்த அளவு வராது. டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது" என்றார்.

"நான் மறைக்கல டாக்டர்."

"இந்தியர்கள் நெய் நிறைய சாப்பிடுவீங்க, எனக்குத் தெரியும். பரவாயில்ல, இனிமே நிறுத்துங்க."

நான் சரி என்றேன். செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த அவமானம் இப்போது நினைத்தாலும் காதுமடல் சுடும். பைக்கை எடுக்காமல் வாகன நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். தமிழில் இது இன்னும் மோசம் என்று தோன்றியது. கொழுப்பு என்றால் நம் வீடுகளில் திமிர் என்று அர்த்தம். கணவரிடம் "கொழுப்பு ஜாஸ்தியாம்" என்று முதன்முதலாகச் சொன்னபோது அவரே, "அது எனக்கு கல்யாணம் ஆனப்பவே தெரியுமே" என்று கிண்டல் செய்தார். அந்த வார்த்தையை வெளியே எவரிடமும் நேராகச் சொல்ல முடியாது.

அம்மாவிடமும் நான் அதை லேசாகத்தான் சொல்லியிருந்தேன். அம்மா காரைக்காலில் இருந்தார். போனில் மெல்ல, "என்ன சாப்புடுற பாப்பா?" என்றார். மறுநாள் மறுபடி கூப்பிட்டு அதையே கேட்டார். அதற்கு அடுத்த நாளும். எனக்கு அதன் காரணம் தெரியும்.

என் அப்பா மீன்பிடி படகுகளுக்கு ஐஸ் அனுப்பும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஒல்லியான மனிதர். சாயங்காலம் கடற்கரையில் வாலிபால் ஆடுவார். எனக்குப் பதினொரு வயதாகும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நடுவே மணலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது. மாரடைப்பு என்றார்கள்.

துக்கத்துக்கு வந்த அப்பாவின் அக்கா, கூடத்தில் பெண்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது, "வாரம் தவறாம ஆட்டுக்கறியும் நெய்யுமாப் போட்டுப் போட்டே என் தம்பியக் கொன்னுட்டா" என்று சொன்னார். அழுகையோடு வந்த வார்த்தைதான். ஆனால் அது அந்தத் தெருவில் தங்கிவிட்டது. கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் அம்மாவைக் காட்டி இன்னொருத்தரிடம் அதைச் சொல்லுவார்கள். அத்தையும் அம்மாவும் பேச்சுவார்த்தை நிறுத்தி விட்டார்கள். எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எல்லாம் அத்தோடு நின்றது. நான் சைவமானது அப்படித்தான். பக்தியாலோ கொள்கையாலோ இல்லை. அதைவிட எனக்கு வெகுநாள் கழித்துப் புரிந்தது ஒன்று உண்டு. அம்மா எனக்குப் பரிமாறும்போது, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று சொன்னதே இல்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு நிற்பார். கேட்டால்தான் போடுவார்.

அப்படி வளர்த்த மகளுக்கும் ரத்தத்தில் கொழுப்பு என்றால் அவர் என்ன நினைத்திருப்பார்?

அந்தச் சமயத்தில் எனக்குக் குதிகால் வலி வந்தது. காலுக்குப் பின்னால், குதிகாலுக்கு மேலே கயிறு போல ஓடும் தசைநார் இரண்டு காலிலும் தடித்துப் போயிருந்தது. பைக்கை நிறுத்திக் கால் ஊன்றினால் சுரீர் என்னும். கணவரோடு எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனேன். வயதானவர், மெதுவாகப் பேசுபவர், நல்ல ஆங்கிலம். என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி அந்த நாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உட்காரச் சொல்லி என் கைகளை வாங்கி முட்டி முட்டியாகத் தடவினார். நடுவிரல் முட்டியில் ஒரு சின்னக் கட்டி இருந்தது. மாவு பிசைவதால் வந்தது என்று நான் நினைத்திருந்தேன்.

"முகம் கழுவிட்டு வர முடியுமா?" என்றார்.

எதற்கு என்று கேட்கவில்லை. க்ரீமைக் கழுவிவிட்டு, ஈர முகத்தோடு அவர் முன்னால் உட்கார்ந்தேன். கணவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். விளக்கை முகத்துக்கு நேரே திருப்பினார் டாக்டர். கணவர் அந்தத் திட்டுகளைப் பார்த்ததில்லை என்று இல்லை. ஆனால் அத்தனை வெளிச்சத்தில், அத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உங்க அப்பா இருக்காரா?"

"இல்லை."

"எத்தனை வயசுல போனார்?"

சொன்னேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு, "இது காலைப் பத்தின விஷயம் இல்லைம்மா" என்று ஒரு இதய மருத்துவரிடம் அனுப்பினார்.

இதய மருத்துவர் என் வயதுப் பெண். அவர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நானாகவே, "டாக்டர், நான் சத்தியமா சைவம்" என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி, "நம்புறேன்" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பிறகு பொறுமையாகச் சொன்னார். கொலஸ்ட்ரால் விஷம் இல்லை. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்கும் சுவர் கட்ட அது வேண்டும். அதில் பெரும்பகுதியை உடம்பே தயார் செய்கிறது, சாப்பாட்டில் வருவது குறைவு. ஆனால் அது எண்ணெய் இனம். ரத்தம் தண்ணீர் இனம். தண்ணீரில் எண்ணெய் கரையாது. அதனால் ஈரல் அதைப் புரத உறை போட்ட சின்னச் சின்ன உருண்டைகளாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது. உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தை ஈரலே திரும்பப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஈரலின் மேல் கொக்கி மாதிரி வாங்கிகள் உண்டு.

"உங்க வேலை என்ன?" என்று நடுவில் கேட்டார். சரக்கு அனுப்புவது என்றேன்.

"அப்போ புரியும். பெட்டிகள் வந்து இறங்குது. எடுத்துக்க வேண்டிய இடத்துல பாதி ஆள்தான் இருக்காங்க. மிச்சப் பெட்டி என்ன ஆகும்?"

"அங்கேயே கிடக்கும்."

"அதேதான். உங்க ஈரலில் வாங்கிகள் பாதி வேலை செய்யாது. பிறந்ததிலிருந்தே. பிடிக்க ஆளில்லாம அந்த உருண்டைகள் ரத்தத்திலேயே சுத்திச் சுத்தி வருது. வருஷக்கணக்கா அப்படிச் சுத்தினா, ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா புகும். அதைச் சுத்தம் பண்ண வர்ற வெள்ளை அணுக்கள் தின்னு தின்னு வீங்கி, நுரை மாதிரி அங்கேயே தங்கிடும். அது ஒரு மேடாகும். மேலே மெல்லிசா ஒரு தோல் மூடியிருக்கும். என்னைக்காவது ஒருநாள் அந்தத் தோல் கிழிஞ்சா, காயம் ஆனா எப்படி ரத்தம் உறையுமோ அப்படி அங்க உறைஞ்சு குழாயை அடைக்கும். இதயத்துக்குப் போற குழாயில் அடைச்சா, அதுதான் மாரடைப்பு."

வாலிபால் மைதானமும் மணலும் என் கண்ணுக்குள் வந்தன.

"கண்ணுல இருக்கறதும், குதிகால்ல இருக்கறதும் அதே கொழுப்புதான். மத்தவங்களுக்குப் பார்க்க முடியற இடத்துல வந்திருக்கு. உங்களுக்கு இதனால நல்லதுதான் நடந்திருக்கு."

அவர் நல்லதுக்குச் சொன்னார். எனக்கு அதை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மாத்திரை எழுதினார். அது ஈரலுக்குள்ளே தயாரிப்பைக் குறைக்குமாம். உள்ளே பற்றாக்குறை வந்ததும் ஈரல் வெளியிலிருந்து இழுக்க, வேலை செய்யும் கொக்கிகளை அதிகப்படுத்திக்கொள்ளுமாம். இதயத்தையும் சோதித்தார்கள். அடைப்பு இன்னும் பெரிதாக இல்லை. தேங்காயை நிறுத்தியது தப்பில்லை, ஆனால் உங்களுக்கு அது மட்டும் போதாது என்றார். கடைசியில், "குழந்தை இருக்கா?" என்று கேட்டார்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

"பாதிக்குப் பாதி வாய்ப்பு. பார்த்துடறது நல்லது."

அன்று வீடு திரும்பி, கீழே கடையில் வாங்கிவந்த சாப்பாட்டைப் பிரிக்காமல் நானும் கணவரும் உட்கார்ந்திருந்தோம். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். கணவர் குரலைத் தாழ்த்தி, "சென்னையில இப்போதைக்கு யாருக்கும் சொல்ல வேணாம்ப்பா" என்றார். அவருடைய வீடு சென்னையில். அவர் அம்மா, இரண்டு அக்காக்கள்.

"ஏன்?"

"அம்மா அது இதுன்னு பேசுவாங்க. நோயைச் சொல்லாம கட்டி வச்சுட்டாங்கன்னு ஆரம்பிப்பாங்க. நாளைக்கு இவளுக்குன்னு ஒரு இடம் பாக்கும்போது..."

"இவளுக்கு ஒம்பது வயசுங்க."

"எனக்குத் தெரியாதா?"

அவர்மேல் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழுதான பொருளை நல்ல பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டவள் போல அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் பார்சலைப் பிரித்து எனக்கு முன்னால் தள்ளினார். இருவரும் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டோம்.

மகளுக்கு ரத்தம் எடுத்தபோது அவள் அழவில்லை. ஊசி போடுகிறவளிடம் வியட்நாமிய மொழியில் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தாள். முடிவு வந்தது. அவளுக்கும் இருந்தது. டாக்டர் போனில் அதைச் சொன்னபோது நான் அலுவலக மாடிப்படியில் நின்றிருந்தேன். மேலே போகவும் முடியவில்லை, கீழே போகவும் முடியவில்லை. இதுவரை என் முகத்துக்காக வெட்கப்பட்டது எல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அன்று இரண்டு விமானச் சரக்குச் சீட்டுகளில் எடையைத் தப்பாக அடித்துவிட்டேன். பக்கத்து மேஜைப் பெண் சத்தமில்லாமல் திருத்திக் கொடுத்தாள்.

மகளுக்கு இப்போதைக்குப் பயமில்லை, சின்ன வயதிலேயே கண்டுபிடித்தது அதிர்ஷ்டம், இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் சிறிய மாத்திரையில் ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். "உங்க அப்பாவுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கல" என்றும் சொன்னார்.

அம்மாவிடம் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். வீடியோ காலில் அவர் முகம் பாதிதான் தெரிந்தது, எப்போதும் போல நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும். டாக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். ஈரல், கொக்கி, பிறவியிலேயே வருவது, அப்பாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து பேத்திக்கு.

"அப்ப கறி இல்லியா?" என்றார் கடைசியில்.

"கறி கொஞ்சம் கூட்டியிருக்கும்மா. ஆனா காரணம் அது இல்ல. அப்பா பொறக்கும்போதே அவரு ரத்தத்துல இருந்தது. நீ பச்சைத்தண்ணி குடுத்திருந்தாலும் வந்திருக்கும்."

"நெசமாத்தான் சொல்றியா, என் மனசுக்காவச் சொல்றியா?"

"நெசமாத்தாம்மா."

அவர் போனை எங்கோ வைத்துவிட்டார். எனக்கு விசிறி மட்டும் தெரிந்தது. திரும்ப வந்தபோது குரல் சாதாரணமாக இருந்தது. "அவருக்கும் குதிகால் தடிப்பா இருக்கும். புதுச் செருப்பு எது வாங்குனாலும் பின்வாரு கடிக்கும். நான்தான் வாரை அறுத்துக் குடுப்பேன்" என்றார். பிறகு, "அப்ப உங்க அத்தைக்கு? அவுங்க பையனுக்கு?" என்றார்.

நான் அதற்குத் தயாராக இல்லை. அத்தையிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் பல நாளாக மனதுக்குள் வாக்கியம் கோத்து வைத்திருந்தேன். உங்கள் தம்பியைக் கொன்றது எங்கள் அம்மா சமையல் இல்லை, உங்கள் குடும்பத்து ரத்தம் என்று, சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருக்கும் ஒரு கல்யாண வீட்டில். அம்மாவுக்கு முதலில் தோன்றியது அந்தப் பையன். அத்தை மகனுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது, மின்சாமான் கடை வைத்திருந்தான். என் வாக்கியங்களை நினைத்து எனக்கே கூசியது.

"நான் பேசட்டுமா?" என்றேன்.

"வேணாம். நானே பேசுறேன்."

இத்தனை வருடம் கழித்து அம்மா அத்தையைக் கூப்பிட்டார். நடந்ததை எனக்கு மறுநாள் சொன்னார். "அண்ணி, உங்க புள்ளைக்கு ரத்தம் பாக்கச் சொல்லுங்க, கொழுப்பு இருக்கான்னு" என்று ஆரம்பித்திருக்கிறார். அத்தை, "எம்புள்ள நல்லா இருக்கறது பொறுக்கலியா? சாபம் வுடவா கூப்புட்ட?" என்று வைத்துவிட்டார்.

"விட்டுரும்மா. நாம சொல்லியாச்சு" என்றேன்.

"அவுங்க வச்சா வச்சுட்டுப் போறாங்க" என்று அம்மா அந்தப் பையனின் மனைவிக்கே போன் செய்திருக்கிறார். அந்தப் பெண் வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. படியேறினால் அவனுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அந்த வாரமே அழைத்துப் போனாள். ரத்தம் என்னுடையதைப் போலவே இருந்தது. புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். இதயத்துக்குப் போகும் ஒரு குழாய் கிட்டத்தட்ட மூடியிருந்தது. உள்ளே ஸ்டென்ட் என்ற கம்பிச் சுருள் வைத்துத் திறந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்கவில்லையாம்.

அவன் வீடு திரும்பியதும் ஒருநாள் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது விடுமுறையில் மகளோடு காரைக்காலில் இருந்தேன். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். என் முகத்தைப் பார்த்தார். அன்று க்ரீம் பூசவில்லை, வீட்டில்தானே என்று இருந்துவிட்டேன். தன் கண்ணோரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் அங்கே மங்கலாக ஒன்று இருந்தது. வயதானதால் வந்த தோல் சுருக்கம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"எங்கிட்டேர்ந்துதான் அவனுக்குப் போச்சாமே" என்றார் தரையைப் பார்த்தபடி. "பெத்தவளே குடுத்திருக்கேன்."

அந்தக் குரலை நான் அறிவேன். அன்று கணவர் எதிரே நான் உட்கார்ந்திருந்தபோது என்னிடமிருந்து வராமல் அடைத்துக்கொண்டிருந்த குரல் அது. அத்தைமேல் இருந்த பழைய கோபத்தைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. ஆனால் எடுத்துப் பேசும்படி இல்லை.

அம்மா அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். "நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி? ஒடம்புல இருந்தது. தெரிஞ்சா குடுத்தீங்க?" என்றார்.

அத்தை அழ ஆரம்பித்தார். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. கொல்லைக்குப் போய்க் கொடியில் காய்ந்திருந்த துணிகளை எடுத்தேன். அம்மா அத்தைக்குச் சொன்ன அந்த மூன்று வாக்கியங்களை அம்மாவிடம் யாரும், ஒரே ஒரு ஆள்கூட, சொன்னதில்லை. பதினொரு வயதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சைகானுக்குத் திரும்பியபின் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வந்தது. சனிக்கிழமை காலை. சின்ன நாற்காலிகளில் முழங்கால் இடிக்கப் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தோம், குழந்தைகள் பின்னால் நின்றார்கள். வகுப்பாசிரியை ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் ஒரு நல்ல விஷயம் சொல்லிக்கொண்டு வந்தார். என் மகளின் முறை வந்தபோது, உடம்பைப் பற்றிய பாடத்தில் அவள் தானாகவே எழுந்து வந்து பலகையில் படம் போட்டு விளக்கினாள் என்றார். எல்லோரும் கேட்கும்படி, மகள் சொன்னதை அப்படியே சொன்னார். "என் ஈரலில் பாதிக் கொக்கி வேலை செய்யாது. அம்மாவுக்கும் அப்படித்தான். அம்மாவோட அப்பா அதனால்தான் செத்துப்போனார். எனக்கு ஆகாது, ஏன்னா நாங்க முன்னாடியே பாத்துட்டோம்." வியட்நாமிய மொழியில் அதைக் கேட்டபோது அது வேறு யாரோ குடும்பத்துக் கதை போல இருந்தது.

மற்ற அம்மாக்கள் திரும்பினார்கள். பார்வை நேரே என் கண்ணோரத்துக்கு வந்தது. மாத்திரையால் திட்டு கொஞ்சம் மங்கியிருந்ததே தவிர போகவில்லை. ஆசிரியை கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளை நினைத்துப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இருந்ததும் கூட. ஆனால் முகம் சுட்டது, கழுத்து வரை சுட்டது. யாருக்கும் தெரியக் கூடாது என்று நானும் கணவரும் குரலைத் தாழ்த்திப் பேசியதை அவள் ஒரு வகுப்பு முழுவதற்கும் படம் போட்டுக் காட்டியிருந்தாள். சென்னைக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டும்போது மகள் என்னைக் கவனித்தாள்.

"நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனாம்மா?"

"இல்ல. சரியாத்தான் சொன்ன."

"அப்ப ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"வெயிலுடா."

அவள் வானத்தைப் பார்த்தாள். மேகம் மூடி, எந்த நேரமும் மழை வரும் போல இருந்தது. பின்னால் ஏறி உட்கார்ந்து, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம், படத்தில் ஈரலுக்கு எந்த நிறம் அடித்தாள், யார் சிரித்தார்கள், யார் இன்னொருமுறை சொல்லச் சொன்னார்கள் என்று என் முதுகில் வாய் வைத்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சிக்னலில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளைப் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை.